ஒப்பந்தத்தையே காட்டாமல் ஒப்பந்தச் சட்டமா? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

சென்ற வாரம் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய ஒரு பக்கச் சுற்றறிக்கையைப் படித்தேன். வரும் கல்வியாண்டு முதல் ஒப்பந்தச் சட்டத்துக்கு வாராந்திரச் சிறுகுழு வகுப்பு கிடையாது. பெரிய அரங்கில் விரிவுரை மட்டும்தான். முழுத் தீர்ப்புகளைப் படிக்க வேண்டாம், 60 பக்கத்தில் ‘வழக்குச் சுருக்கக் கையேடு’ ஒன்று தரப்படும். தேர்வு அந்தக் கையேட்டிலிருந்தே, 100 குறுவினாக்களாக நடக்கும். இதற்கெல்லாம் காரணம் ‘மாணவர் சுமையைக் குறைத்தல்’. சுற்றறிக்கையின் கடைசி வரி: பத்து நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்காதவர்கள் இம்மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டதாகக் கருதப்படுவர்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் பலகைக்கு முன்னாலேயே சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற முதலாண்டு மாணவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி என்ற ஆங்கில வழக்கு, 1862. சகோதரன் மகனுடைய குதிரையை வாங்க விரும்பிய ஒருவர், ‘இனி உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் 30 பவுண்டு 15 ஷில்லிங்குக்குக் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்கிறேன்’ என்று கடிதம் எழுதினார். பையன் பதில் எழுதவில்லை. ஒருவர் வாய் திறக்காமல் இருந்ததை வைத்து அவர் தலையில் ஒப்பந்தத்தைக் கட்ட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆங்கிலப் பொதுச்சட்ட மரபில் படிக்கும் எந்த ஊர் மாணவனும் முதல் மாதத்திலேயே இதைக் கடந்துதான் வருகிறான். ஒப்பந்தச் சட்டத்தை எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்த தாளிலேயே அந்தச் சட்டத்தின் முதல் பாடம் மறந்துபோயிருக்கிறது. ஆகவே என் ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவிக்கிறேன்.

நான் இறுதியாண்டு மாணவி. இந்த மாற்றம் என்னைத் தொடாது. ஆனால் ஒப்பந்தச் சட்டத் தாளை இரண்டு முறை எழுதியவள் நான். முதல் முறை, நீங்கள் இப்போது எல்லோருக்கும் விதிக்கப்போகும் அதே வழியில் படித்தேன், தோற்றேன். இரண்டாம் முறை, நீங்கள் இப்போது எடுத்துவிடப் போகும் அந்தச் சிறுகுழு வகுப்பில் உட்கார்ந்து படித்துத் தேறினேன். இரண்டு வழியிலும் போய் வந்தவள் என்ற ஒரே தகுதியில் பேசுகிறேன்.

முதல் முறை சிறுகுழு வகுப்புகளுக்கு நான் ஒழுங்காகப் போகவில்லை. அது என் தவறு. சீனியர் ஒருவர் தந்த சுருக்க நோட்ஸ் கையில் இருந்தது. பல கை மாறி ஓரம் மழுங்கிய ஜெராக்ஸ் கட்டு. ஒரு வழக்குக்கு இரண்டு வரி: யார், யார் மேல், என்ன விதி. கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால்: ‘விளம்பரமும் முன்மொழிவாகலாம்.’ (முன்மொழிவு என்றால், மறுதரப்பு ஏற்றதும் ஒப்பந்தமாகிவிடும் வாக்கு.) ஹைட் எதிர் ரென்ச்: ‘எதிர் முன்மொழிவு வந்தால் முதல் முன்மொழிவு செத்துவிடும்.’ வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆண்டோடு சொல்லியிருப்பேன்.

தேர்வில் வந்த கேள்வி இது. ஓர் இணைய விற்பனைத் தளத்தில் லேப்டாப் விலையில் இரண்டு சைபர் விட்டுப்போய்விடுகிறது. ஒரு பெண் ஆர்டர் போடுகிறாள். உடனே தானியங்கி மின்னஞ்சல் வருகிறது. மறுநாள் காலை, ‘விலை தவறு, ஆர்டர் ரத்து’ என்று இன்னொரு அஞ்சல். அவளுக்கு ஆலோசனை கூறுக.

நான் பதினொரு வழக்குகளை எழுதினேன். கடைச் சன்னலில் பொருளை வைப்பது முன்மொழிவு அல்ல என்ற 1961ஆம் ஆண்டு ஃபிஷர் எதிர் பெல் உட்பட, அந்தச் சன்னலில் இருந்த கத்தியின் வகை உட்பட. 100-க்கு 31 வந்தது. விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது: ‘வழக்குகள் எல்லாம் சரி. அந்தப் பெண்ணுக்கு லேப்டாப் கிடைக்குமா, கிடைக்காதா?’

நான்கு பக்கத்தில் அதை மட்டும் நான் எழுதவே இல்லை.

அரியர் எழுதத் தயாரான அந்தப் பருவத்தில்தான் சிறுகுழு வகுப்பில் ஒழுங்காக உட்கார்ந்தேன். பன்னிரண்டு நாற்காலி, ஒரு நீள மேசை. முதல் நாள் ஆசிரியர் கார்லில் தீர்ப்பை முழுசாகக் கையில் கொடுத்து, ஆளுக்கொரு பென்சிலையும் நீட்டினார். நிறுவனம் என்னென்ன சாக்குச் சொல்கிறது என்று ஒவ்வொன்றையும் கோடிடுங்கள், நீதிபதி ஒவ்வொன்றுக்கும் எங்கே பதில் சொல்கிறார் என்று எதிரே எண் போடுங்கள் என்றார். அவ்வளவுதான் அன்றைய வகுப்பு.

இரண்டு வரி நோட்ஸில் எனக்குக் கிடைக்காத கதை அதில் இருந்தது. கார்லில் அம்மையார் 1891 நவம்பர் 20 முதல் 1892 ஜனவரி 17 வரை ஒரு நாளைக்கு மூன்று வேளை அந்தப் புகைக் குண்டை மூக்கில் வைத்து உறிஞ்சியிருக்கிறார். அப்படியும் காய்ச்சல் வந்தது. சொன்னபடி பயன்படுத்தியும் காய்ச்சல் வந்தால் தருவதாக விளம்பரத்தில் சொன்ன 100 பவுண்டைக் கேட்டார். நிறுவனம் அடுக்கிய சாக்குகளைப் பாருங்கள்: அது சும்மா விளம்பர ஜம்பம், உலகத்துக்கே ஒப்பந்தம் போட முடியுமா, அந்த அம்மாள் ஏற்பதாக எங்களுக்குத் தெரிவிக்கவே இல்லையே. இந்தக் கடைசிச் சாக்குக்கு நீதிபதி போவன் ஒரு தொலைந்த நாயை உதாரணம் காட்டுகிறார். நாயைக் கண்டுபிடித்துத் தந்தால் பரிசு என்று ஒருவர் விளம்பரம் கொடுத்தால், நாய் தேடுகிறவர்கள் எல்லாம் முதலில் உட்கார்ந்து ‘உங்கள் முன்மொழிவை ஏற்கிறேன்’ என்று கடிதம் எழுத வேண்டுமா என்று கேட்கிறார். வகுப்பே சிரித்தது. ‘ஜம்பம்’ என்ற சாக்கு எதில் உடைந்தது தெரியுமா? எங்கள் எண்ணத்தின் உண்மைக்கு அடையாளமாக 1000 பவுண்டை வங்கியில் போட்டிருக்கிறோம் என்று விளம்பரத்தில் அவர்களே எழுதிவைத்த ஒரு வரியில்.

அதைப் படித்த பிறகுதான் என் லேப்டாப் கேள்விக்குள் நுழைய வழி தெரிந்தது. வழக்குப் பெயர்களை அடுக்குவதால் ஒன்றும் நகராது. அந்தத் தானியங்கி அஞ்சலில் என்ன சொல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘உங்கள் ஆர்டர் கிடைத்தது’ என்றா, ‘உங்கள் ஆர்டரை ஏற்றோம்’ என்றா? இரண்டு சைபர் குறைவு என்பது பார்த்த மாத்திரத்தில் அந்தப் பெண்ணுக்கே தெரிந்திருக்குமா? தவறு என்று தெரிந்தே அள்ளிக்கொள்ள நினைத்தவருக்குச் சட்டம் கைகொடுக்காது. ஒப்பந்தச் சட்டம் என்பது வாசகத்தை வாசிக்கிற சட்டம். அந்த வாசிப்பைத்தான் உங்கள் சுற்றறிக்கை சுமை என்கிறது.

சுருக்கம் தன்னளவில் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நானும் சுருக்கம் எழுதுகிறேன், என் கையால். ஆனால் அடுத்தவர் எழுதிய சுருக்கம் எப்படிக் காலை வாரும் என்பதற்கு ஒப்பந்தச் சட்டத்திலேயே எல்லோரும் அறிந்த ஒரு சாட்சி இருக்கிறது. அதை உங்களுக்கு நினைவூட்ட எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஹாட்லி எதிர் பாக்சண்டேல், 1854. ஆலையின் இயந்திரத் தண்டு உடைந்துபோகிறது. புதிதாகச் செய்வதற்கு மாதிரியாக, உடைந்த தண்டைத் தொலைவிலுள்ள பொறியாளரிடம் கொண்டுசேர்க்கச் சரக்குப் போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைக்கிறார்கள். அவர் தாமதப்படுத்துகிறார். ஆலை கூடுதலாகச் சில நாள் நின்றுபோகிறது. அந்த நாட்களின் லாபத்தை அவரிடம் கேட்க முடியுமா? முடியாது என்றார்கள். ஒப்பந்தம் மீறப்பட்டால் இயல்பாக விளையும் இழப்பு ஒன்று; ஒப்பந்தம் செய்த நேரத்தில் இரு தரப்பும் மனத்தில் கொண்டிருந்த இழப்பு இன்னொன்று. இரண்டுக்குள்ளும் வராத இழப்புக்கு ஈடு கிடையாது. தண்டு இல்லாவிட்டால் ஆலை நிற்கும் என்ற தனிச் சூழ்நிலை அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதே தீர்ப்பின் அடித்தளம்.

இப்போது அதே வழக்கின் அறிக்கையில் தீர்ப்புக்கு மேலே அச்சாகியிருக்கும் சுருக்கத்தை, அதாவது தலைக்குறிப்பைப் படியுங்கள். ஆலை நின்றுவிட்டது, தண்டு உடனே போய்ச் சேர வேண்டும் என்று போக்குவரத்துக்காரரின் எழுத்தரிடம் சொல்லப்பட்டது என்று அதில் இருக்கிறது! அது உண்மையானால் தீர்ப்பு நேர்மாறாக வந்திருக்க வேண்டும். விக்டோரியா லாண்டரி வழக்கில், 1949-ல், நீதிபதி அஸ்க்வித் இதைச் சுட்டிக்காட்டி, அந்தத் தலைக்குறிப்பு தவறான வழிகாட்டுகிறது என்று வெளிப்படையாகவே எழுதினார். தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்குப் பிறகு! உலகின் பல நாட்டு இழப்பீட்டுச் சட்டத்துக்கு அடிக்கல்லான ஒரு வழக்கு, அதற்குச் சுருக்கம் எழுதியவர் சட்டம் தெரிந்தவர், அதுவே இப்படி. தலைக்குறிப்போடு நிறுத்திக்கொண்ட மாணவன் விதியைச் சரியாகச் சொல்வான், ‘ஏன்?’ என்று அடுத்த கேள்வி வந்தால் திக்குமுக்காடுவான். எங்கள் வகுப்பில் இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, எப்போதும் கடைசி நாற்காலியில் உட்காரும் ஒரு தோழி. ‘சார், மேலே சொன்னதும் கீழே சொன்னதும் ஒத்துப்போகலையே’ என்றாள். ஆசிரியர் முகத்தில் அன்று வந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. அந்தக் கேள்வி 60 பக்கக் கையேட்டிலிருந்து வர வழியே கிடையாது. அதில் மேலும் இல்லை, கீழும் இல்லை.

ஸ்டில்க் எதிர் மைரிக், 1809, இன்னொரு கூத்து. கப்பலில் இரண்டு மாலுமிகள் வழியிலேயே ஓடிவிடுகிறார்கள். மிச்சமுள்ளவர்கள் கப்பலை ஊர் சேர்த்தால் ஓடியவர்களின் சம்பளத்தைப் பங்கிட்டுத் தருகிறேன் என்கிறார் கேப்டன். ஊர் வந்ததும் தரவில்லை. மாலுமி தோற்றார். ஏன் தோற்றார் என்பதற்கு, தீர்ப்பைக் குறித்து அச்சிட்ட இருவரின் இரண்டு அறிக்கைகள் இருக்கின்றன. செய்யக் கடமைப்பட்ட வேலையைத்தானே செய்தார், புதிய மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவது) ஏதும் இல்லை என்கிறது காம்ப்பெல்லின் அறிக்கை. நடுக்கடலில் மாலுமிகள் பேரம் பேச வழிவிட்டால் ஆபத்து, பொதுநலன் கருதி மறுக்கப்பட்டது என்கிறது எஸ்பினாஸின் அறிக்கை. (இந்த எஸ்பினாஸுக்குக் காது மந்தம், பாதியைக் கேட்டு மறுபாதியை எழுதுவார் என்று வக்கீல்கள் கேலி பேசியதாகச் சொல்வார்கள்.) ஆசிரியர் இரண்டு நகல்களையும் மேசையில் அக்கம்பக்கமாக வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் வில்லியம்ஸ் எதிர் ராஃபி வந்தது. அடுக்குமாடி வீடுகளில் தச்சு வேலைக்கு 20,000 பவுண்டுக்கு ஒத்துக்கொண்ட தச்சர், பணம் கட்டுப்படியாகாமல் திண்டாடுகிறார். வேலை தாமதமானால் தானே மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் ஒப்பந்தக்காரரே மேலும் 10,300 தருவதாகச் சொல்கிறார். அங்கே, நடைமுறையில் கிடைத்த நன்மையே மறுபயனாகப் போதும் என்று 1989-ல் தீர்ப்பானது. முதல் வழக்கை ஒற்றை வரியாகப் படித்தவனுக்கு இரண்டும் வெறும் முரண். இரண்டு அறிக்கைகளையும் பார்த்தவனுக்கு, பழைய விதியின் அடியில் மிரட்டலைப் பற்றிய பயம் ஒளிந்திருந்தது தெரியும். மிரட்டல் இல்லாத இடத்தில் அது ஏன் இளகியது என்பதும் தெரியும்.

‘மறுபயன்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘கன்சிடரேஷன்’ என்று முதலில் கேட்டபோது யாரோ யாரையோ கருணையோடு கவனித்துக்கொள்வது என்று நினைத்தேன். இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். சிறுகுழு வகுப்பில் யாரோ ‘மறுபயன்’ என்றதும் பளிச்சென்று பிடிபட்டது: நான் தருவதற்கு எதிராக எனக்கு வருவது. பெரிய அரங்கில் கை தூக்கி, ‘இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?’ என்று எந்த முதலாண்டு மாணவரும் கேட்க மாட்டார். பன்னிரண்டு பேர் மேசையில் கேட்பார்.

தவறான ஆலோசனையின் விலையை மாணவர் கொடுப்பதில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். நீங்கள் மாதிரிக்கு இணைத்த இரண்டு பக்கங்களில் பால்ஃபர் எதிர் பால்ஃபர் வழக்குக்கு ஒரே வரி: ‘கணவன் மனைவிக்குள் தரும் வாக்குறுதி ஒப்பந்தம் ஆகாது.’ இலங்கையில் வேலை பார்த்த கணவர், உடல்நலம் சரியில்லாமல் இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொன்னபோது இருவரும் சுமுகமாக இருந்தார்கள். 1919-ல் வந்த அந்தத் தீர்ப்பின் உயிர்நாடியே அதுதான். பிரிந்துவிட்ட தம்பதிக்குள், கணவர் கையெழுத்திட்டுத் தந்த சீட்டு செல்லும் என்று மெரிட் எதிர் மெரிட் வழக்கில் 1970-ல் சொல்லிவிட்டார்கள். உங்கள் ஒரு வரியை நம்பிய பட்டதாரியிடம் நாளை ஒரு பெண் அப்படியொரு சீட்டோடு வந்தால், செல்லாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இதுவரை சொன்னதெல்லாம் நீங்கள் எடுத்துவிடப் போவதைப் பற்றி. இனி சொல்லப்போவது, இதுவரை நீங்கள் தராததைப் பற்றி. இதில் எனக்கு வருத்தம் அதிகம்.

இரண்டாம் முறை 72 மதிப்பெண் வாங்கினேன். அதற்கு அடுத்த ஆண்டு ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். நேர்காணலில், மூன்றாம் மாதத்திலிருந்து மாத உதவித்தொகை உண்டு என்று வாயால் சொன்னார்கள். சேரும் நாளில் வரவேற்பு மேசையில் ஆறு பக்கத் தாளை நீட்டினார்கள். நூலில் கட்டிய பேனா. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. நான் இரண்டாம் பக்கத்தில் கண்ணை நிறுத்தியதும் மேசைக்குப் பின்னாலிருந்தவர், ‘படிச்சுப் பார்க்கணுமாம்மா?’ என்றார், ஏதோ நான் அவர் வீட்டு அலமாரியைத் திறந்துவிட்ட மாதிரி. ‘இல்லைங்க’ என்று சொல்லிவிட்டு மளமளவென்று கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தச் சட்டத்தில் 72 வாங்கியவள்!

மூன்றாம் மாதம் உதவித்தொகை கேட்டபோது ஒன்பதாவது ஷரத்தைக் காட்டினார்கள்: இந்த ஆவணமே முழு உடன்பாடு, இதற்கு முன் வாய்மொழியாகவோ எழுத்திலோ சொல்லப்பட்ட எதுவும் தரப்பினரைக் கட்டுப்படுத்தாது. நடைமுறையில் எந்த வணிக ஒப்பந்தத்தைப் புரட்டினாலும் கண்ணில் படுகிற ஷரத்து அது. என் வாழ்நாளில் அன்றுதான் முதன்முதலாக அதைப் பார்த்தேன். அப்படி ஒரு ஷரத்து இருந்தாலும், ஒப்பந்தத்துக்கு முன் சொன்ன பொய்க்கான பொறுப்பு தானாகக் கழன்றுவிடாது, எல்லாம் அதன் வாசகத்தைப் பொறுத்தது என்று ஆங்கில நீதிமன்றங்கள் சொல்லியிருப்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். அன்றைக்கு வாயடைத்துத் திரும்பி வந்தேன்.

கையெழுத்துப் போட்டால் கட்டுப்பட வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியாமல் இல்லை. லெஸ்ட்ரேஞ்ச் எதிர் கிராகோப், 1934. சிகரெட் விற்கும் தானியங்கி இயந்திரம் வாங்கிய பெண், பழுப்புக் காகிதத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட படிவத்தில் படிக்காமல் கையெழுத்திட்டார். இயந்திரம் சில நாளில் மக்கர் செய்தது. கையெழுத்து போட்டதால் அவர் தோற்றார். அந்த வழக்கில் விற்பனையாளருக்காக வாதாடியவர், பின்னாளில் நீதிபதியாகிப் பொடி எழுத்து ஷரத்துகளைச் சாடிய டென்னிங். சில ஷரத்துகளைச் சிவப்பு மையில் அச்சிட்டு, அவற்றைச் சுட்டும் சிவப்புக் கையையும் போட்டால்தான் போதிய அறிவிப்பாகும் என்று 1956-ல் எழுதியவரும் அவரே. இதையெல்லாம் தேர்வில் அழகாக எழுதினேன். ஆனால் பொடி எழுத்தில் ஒரு முழு ஒப்பந்தத்தை என் முன்னால் யாரும் ஒருமுறைகூட விரித்து வைக்கவில்லை. நீச்சல் வரலாற்றில் முதல் வகுப்பில் தேறியவள் கிணற்றில் விழுந்த கதை என் கதை.

நீதிமன்றத்துக்கு வருவதெல்லாம் முறிந்த ஒப்பந்தங்கள். ஒழுங்காக நடந்த ஒப்பந்தம் எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் ஏறுவதில்லை. 1963-ல் ஸ்டூவர்ட் மெக்காலே என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் விஸ்கான்சினில் 68 வணிகர்களையும் வக்கீல்களையும் பேட்டி கண்டு எழுதியது இதைத்தான்: தகராறு வந்தால் ஒப்பந்தத்தையோ சட்டத்தையோ தூக்கிக்கொண்டு வராமல், தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்வதே அங்கே வழக்கமாக இருந்தது. ஆகவே தீர்ப்பு மட்டும் போதும் என்று நான் வாதிடவில்லை. தீர்ப்பும் வேண்டும், தீர்ப்புவரை போகாத தாள்களும் வேண்டும். நீங்களோ இருந்த ஒன்றையும் எடுத்துவிட்டு, இரண்டுக்கும் பதிலாகக் கையேடு தருகிறீர்கள்.

ஆசிரியர் பற்றாக்குறை எனக்குத் தெரியும். ஒரு சிறுகுழு வகுப்பைப் பன்னிரண்டு பேருக்கு நடத்த வேண்டுமானால் ஓர் ஆசிரியர் ஒரே பாடத்தை வாரத்தில் பல முறை எடுக்க வேண்டும். விடைத்தாள் ஓரத்தில் குறிப்பு எழுத நேரம் பிடிக்கும். 100 குறுவினாவை இயந்திரமே திருத்திவிடும். இதைச் சுற்றறிக்கையில் நேராகச் சொல்லியிருந்தால் நானும் வேறு குரலில் எழுதியிருப்பேன். எங்கள் சுமையைக் குறைப்பதாகச் சொன்னதுதான் உறுத்துகிறது. எந்த மாணவர் வந்து உங்களிடம் சுமை என்று அழுதார்? எங்களில் யாரிடம் கேட்டீர்கள்? தீர்ப்பை முழுசாகப் படித்து வகுப்பில் விவாதிக்கும் முறையே ஒப்பந்தச் சட்டத்தில்தான் வேர்விட்டது. ஹார்வர்டில் லாங்டெல் 1871-ல் மாணவர்களுக்காக முதன்முதலில் தொகுத்தது ஒப்பந்த வழக்குகளைத்தான். அந்த முறையைக் கைவிட முதலில் தேர்ந்தெடுத்த பாடமும் இதுவா?

மாதிரி வினாத்தாளின் முதல் கேள்வி: ‘ஸ்டில்க் எதிர் மைரிக் வழக்கு தீர்ப்பான ஆண்டு எது?’ நான்கு விடைகள், ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். எனக்கு அது தெரியும். முதல் முறை தோற்றபோதும் தெரியும்.

என் கோரிக்கைகள் இவை.

சுற்றறிக்கையைப் புதிய கல்வியாண்டு தொடங்கும் முன்பே திரும்பப் பெறுங்கள். ஆட்சேபிக்காதவர் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படுவார் என்ற வரியை, மற்றதை என்ன செய்தாலும், உடனே நீக்குங்கள்.

ஒப்பந்தச் சட்டத்துக்கு வாரம் ஒரு சிறுகுழு வகுப்பு, குழுவுக்கு 15 பேருக்கு மேல் போகாமல், தொடர வேண்டும். ஆசிரியர் போதவில்லை என்றால் தாளில் தேறிய மூத்த மாணவர்களை உதவிக்கு அமர்த்துங்கள். இந்தப் பருவம் முழுவதும் வாரம் இரண்டு மணி நேரம் ஊதியமின்றி வர நான் தயார். என்னோடு இன்னும் நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

கையேடு அச்சாகிவிட்டது என்றால் அது இருக்கட்டும். அதோடு பத்துத் தீர்ப்புகளையாவது முழுமையாகப் படித்தாக வேண்டும் என்று பாடத்திட்டத்தில் எழுதுங்கள். ஹாட்லி எதிர் பாக்சண்டேல் அவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும், தலைக்குறிப்போடு. பால்ஃபர் வழக்குக்கான அந்த ஒற்றை வரியை அச்சுக்கு முன்போ பின்போ திருத்துங்கள்.

ஒவ்வொரு பருவத்திலும் ஒரு முழு ஒப்பந்தத்தை, முதல் பக்கத்து வரையறைகளிலிருந்து கடைசிப் பக்கத்துக் கையெழுத்துவரை, வகுப்பில் வரி வரியாக வாசிக்கச் செய்யுங்கள். வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம், கைபேசிச் செயலியின் விதிமுறை, எது கிடைத்தாலும் சரி. என் பெயரை மறைத்து என் ஆறு பக்கத்தையும் தருகிறேன்.

தேர்வில் பாதி மதிப்பெண்ணாவது சூழ்நிலைக் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். அந்தப் பகுதிக்குத் தீர்ப்பு நகல்களைக் கையில் வைத்திருக்க அனுமதியுங்கள். ஆண்டைக் கேட்கும் கேள்விகளை எடுத்துவிடுங்கள். திருத்திய விடைத்தாளை, ஓரக் குறிப்போடு, கேட்காமலேயே ஒவ்வொரு மாணவருக்கும் காட்டுங்கள்.

இந்தத் தாளைப் பற்றி அடுத்து நீங்கள் கூடும்போது முதலாண்டு மாணவர் ஒருவரும் அரியர் எழுதிய ஒருவரும் அறையில் இருக்க வேண்டும்.

இன்றிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். எந்தெந்தக் கோரிக்கையை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குக் காரணம் என்ன என்று தனித்தனியே எழுதி, சுற்றறிக்கை ஒட்டியிருக்கும் அதே பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒப்பந்தச் சட்டத் தாளை இரண்டு முறை எழுதிய இறுதியாண்டு மாணவி